ஜாவா கிராமத்தில் குடியேறப் போகிறீர்களா? வீடு, நிலம், பாதுகாப்பு: வரிசைப்படி ஒரு வழிகாட்டி

மகெலாங் மாவட்டம் நடு ஜாவாவில் இருக்கிறது. போரோபுதூர் இருக்கும் மாவட்டம் என்றால் பலருக்கும் பிடிபடும். கிழக்கே மெராபி எரிமலையும் மெர்பாபுவும், மேற்கே சும்பிங். நடுவில் நெல், மிளகாய், சலாக் பழத் தோப்புகள். என் மனைவி பிறந்தது இங்கே, மெராபியின் மேற்குச் சரிவுக்குக் கீழே உள்ள ஒரு விவசாயக் கிராமத்தில். நான் இங்கே குடிவந்த பிறகு, "நாங்களும் வரலாமா, ஒரு துண்டு நிலம் வாங்கலாமா, திருட்டுப் பயம் உண்டா" என்று கேட்பவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது. அதனால் வரிசையாக எழுதிவைக்கிறேன். இது ஜாவா கிராமத்துக்கு மட்டும். பாலியில் வழக்கம் வேறு, சுமத்ராவில் வேறு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஆட்கள் வந்ததும் செய்ய நினைப்பது நிலம் வாங்குவது, சுற்றுச்சுவர் எழுப்புவது, பெரிய பூட்டாகப் பார்த்துப் போடுவது. இந்த வரிசை தலைகீழ். ஊர்க் கணக்கில் உங்கள் பெயர் ஏறுவதுதான் முதல் வேலை. சுவரைப் பற்றி அப்புறம் பார்க்கலாம். பெரும்பாலும் தேவையே படாது.

வந்த அன்றே: பாக் எர்தே வீடு

தெருமுனையில் ஒரு பலகை இருக்கும்: "தாமு 1 x 24 ஜாம் வாஜிப் லாபோர்". வெளியாள் யாரும் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று பொருள். யாரிடம்? பாக் எர்தேயிடம். சில பத்து வீடுகள் சேர்ந்தது ஓர் எர்தே. சில எர்தேக்கள் சேர்ந்தால் எர்வே. அதற்கு மேல் டுசுன் எனப்படும் குக்கிராமம், அதற்கும் மேல் டெசா, அதன் தலைவர் கெபாலா டெசா. பாக் எர்தே அரசு அதிகாரி அல்ல. தெருக்காரர்களே தேர்ந்தெடுத்த ஆள். பகலில் மண்வெட்டியோடு வயலில் நிற்பார். ஆனால் எந்தக் காகிதமும் அவர் கையெழுத்தில்தான் கிளம்பும்.

இரவு ஏழரை மணி வாக்கில், இஷா தொழுகை முடிந்தபின் போங்கள். பாஸ்போர்ட் நகல், விசா நகல், வாழ்க்கைத் துணை இந்தோனேசியர் என்றால் அவருடைய கேடிபி எனும் அடையாள அட்டை, குடும்ப அட்டை நகல்கள். கூடவே ஒரு கிலோ சர்க்கரையும் தேயிலைப் பொட்டலமும். சும்மா கைவீசிக்கொண்டு போனால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், நமக்குத்தான் உறுத்தும். டீ வைப்பார்கள். "மோங்கோ" என்று சொன்ன பிறகு குடியுங்கள், சொல்லும் முன் தொட வேண்டாம்.

கீதாஸ் என்ற தற்காலிக வசிப்பு அனுமதியில் வந்திருந்தால், மாவட்டக் குடிமைப் பதிவு அலுவலகத்தில் வசிப்பிடச் சான்று வாங்க வேண்டும். அதற்கும் எர்தே, எர்வே, டெசா வழியாகத்தான் போக வேண்டியிருக்கும். சுற்றுலா விசாவில் வந்து வயலில் இறங்கி வேலை செய்யாதீர்கள். கூலி வாங்காவிட்டாலும், புகார் போனால் குடிவரவுத் துறைக்கு விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

முதல் வாரம்: நடை, வாசல், தகரக் குவளை

வயதானவர்கள் உட்கார்ந்திருக்கும் வழியாகப் போனால் உடம்பைக் கொஞ்சம் குனிந்து, வலது கையைத் தாழ்த்தி, "நுவுன் செவு" என்று சொல்லிக் கடக்க வேண்டும். எதைக் கொடுத்தாலும் வாங்கினாலும் வலது கை. நமக்கு இது புதிதல்ல. "எங்கே கிளம்பிவிட்டீர்கள்?" என்று பார்க்கிறவர் எல்லாம் கேட்பார்கள். வேவு பார்ப்பதாக நினைக்க வேண்டாம், நம் ஊர்த் திண்ணைக் கேள்விதான். "மாம்பிர்" என்று வீட்டுக்குள் கூப்பிடுவதும் முக்கால்வாசி உபசாரம். சிரித்துவிட்டு நடையைக் கட்டலாம்.

அழைக்கும் முறையும் கற்றுக்கொள்ளுங்கள். நடுவயது ஆண் பாக், பெண் பு. உங்களைவிடச் சற்று மூத்தவர் மாஸ் அல்லது ம்பாக். தாத்தா பாட்டி வயது என்றால் ம்பாஹ். வெறும் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது அவமரியாதை. இந்தோனேசிய மொழி நமக்கு நினைத்ததைவிடச் சீக்கிரம் வரும். பெத்தி, காபால், கெடாய், கோலாம் என்று காதில் விழும்போதே பெட்டி, கப்பல், கடை, குளம் புரிந்துவிடும். ஆனால் கிராமத்தார் தங்களுக்குள் பேசுவது ஜாவா மொழி. அதில் மரியாதைப் படிகள் உண்டு, அதற்கு வருடக்கணக்காகும்.

இப்போது குவளை விஷயம். ஒவ்வொரு வீட்டு முகப்பிலும் ஆணியில் ஒரு சின்னக் குவளை தொங்கும். தகரமாகவோ, வெட்டிய பிளாஸ்டிக் புட்டியாகவோ இருக்கும். இதற்குப் பெயர் ஜிம்பித்தான். ஜிம்பிட் என்றால் விரல் நுனியால் எடுக்கும் சிட்டிகை. ஒரு காலத்தில் சிட்டிகை அரிசி போட்டார்கள், இப்போது பெரும்பாலும் 500 ரூபியா நாணயம். இரவுக் காவலுக்குச் சுற்றிவரும் ரோண்டா ஆட்கள் ஒவ்வொரு குவளையாகக் கவிழ்த்து எடுத்துப் போவார்கள். தெருவிளக்கு, நோயாளிக்கு உதவி, சாவுச் செலவு எல்லாம் இதிலிருந்துதான்.

நான் குடிவந்த புதிதில் அதைப் பழைய பூத்தொட்டி என்று நினைத்து விட்டுவிட்டேன். இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் வாசலில் நின்றிருந்தபோது பக்கத்து வீட்டு ம்பாஹ், எண்பதைத் தொட்டவர், புடவை போன்ற தன் ஜாரிக் துணியின் முடிச்சை அவிழ்த்து இரண்டு நாணயம் எடுத்தார். ஒன்றைத் தன் குவளையில் போட்டார். நாலடி நடந்துவந்து இன்னொன்றை என் குவளையில் போட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். பதினைந்து நாளாக அதைத்தான் செய்திருக்கிறார். "அந்த வீட்டுக்காரர் போடுவதில்லை" என்று காவல்காரர்கள் பேசிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. இந்த வழிகாட்டியில் எதை மறந்தாலும் குவளையை மறக்காதீர்கள்.

ரோண்டாவுக்கு முறை உண்டு. வாரம் ஒரு இரவு உங்கள் முறை வரும். முச்சந்தியில் இருக்கும் காவல் கூடத்தில் சீட்டாட்டம், வறுத்த கடலை, காப்பி, நடுநிசியில் ஒரு சுற்று. போக முடியாவிட்டால் பணம் கட்டி விலகலாம். சில ஊர்களில் அதுவே வழக்கம். என் யோசனை, முதல் மூன்று மாதமாவது தவறாமல் போங்கள். எந்த வீட்டில் யார், யாருக்கு யார் பங்காளி, எந்த நிலத்தில் என்ன தகராறு என்று ஒரு வருடத்தில் தெரியாதது மூன்று இரவில் தெரிந்துவிடும்.

கூடத்தில் கெந்தோங்கான் என்ற குடைந்த மரமோ மூங்கிலோ தொங்கும். அதை அடிக்கும் முறையில் செய்தி இருக்கிறது. பரவலாக உள்ள வழக்கப்படி இரண்டிரண்டு தட்டு என்றால் திருடன், மும்மூன்று தீ, நாலுநாலு இயற்கைப் பேரிடர், ஐந்தைந்து கால்நடைத் திருட்டு. ஊருக்கு ஊர் மாறலாம். கூடத்தின் சுவரில் எழுதியிருப்பார்கள், படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இடைவிடாமல் வேகமாக அடித்தால், எண்ணிக்கொண்டிருக்காமல் வெளியே வாருங்கள்.

முதல் மாதம்: மொய்யும் சாவும்

எர்தே கூட்டம் பல ஊர்களில் செலாபான் என்ற 35 நாள் கணக்கில் நடக்கும். ஏழு நாள் வாரத்தோடு ஜாவாவுக்கு ஐந்து நாள் வாரமும் உண்டு: லெகி, பாஹிங், போன், வாகே, கிளிவோன். இரண்டும் சேர்ந்து சுற்றி அதே ஜோடி திரும்பிவர 35 நாள். ஊர்ச் சந்தையும் பெரும்பாலும் இந்த ஐந்து நாள் கணக்கில்தான் கூடும். சுவரில் மாட்டும் நாட்காட்டியில் இந்தப் பெயர்கள் சின்ன எழுத்தில் இருக்கும். இல்லாத நாட்காட்டியை வாங்காதீர்கள்.

கூட்டத்தில் அரிசான் நடக்கும். நம் குலுக்கல் சீட்டுதான். சேர்ந்துவிடுங்கள். லாபத்துக்காக இல்லை, மாதம் ஒரு முறை அத்தனை பேர் முகத்தையும் பார்க்க அது ஒரு சாக்கு.

கல்யாண வீட்டுக்கு உறையில் பணம் வைத்துக் கொடுக்க வேண்டும், உறையின் மேல் பெயர் எழுத வேண்டும். அதை நோட்டுப் போட்டு எழுதிவைத்து உங்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்வார்கள். மொய் நோட்டு பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எவ்வளவு வைப்பது என்று பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். அதிகம் வைத்தாலும் சங்கடம்தான், திருப்பிச் செய்யும் பாரம் அவர்கள் தலையில். பெண்கள் முந்தின நாளே ரேவாங் எனும் கூட்டுச் சமையலுக்குப் போக வேண்டும்.

சாவுக்கு அழைப்பு கிடையாது. மசூதி ஒலிபெருக்கியில் பெயர் சொன்னதும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் போக வேண்டும். கல்யாணத்துக்கு வராதவரை மன்னிப்பார்கள். சாவுக்கு வராதவரை நினைவில் வைத்திருப்பார்கள்.

வீடு: முதல் வருடம் வாடகைதான்

2006 மே 27 அதிகாலை யோக்யகர்த்தாவின் தெற்கே வந்த நிலநடுக்கத்தில் 5,700 பேருக்கு மேல் இறந்தார்கள். பாந்துல், கிளாத்தேன் மாவட்டங்களில் கம்பி கட்டாத செங்கல் சுவர்கள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சரிந்தன. ஆகவே வீடு பார்க்கும்போது தரை ஓட்டின் பளபளப்பைப் பார்க்காதீர்கள். மூலைகளில் கான்கிரீட் தூண் இருக்கிறதா, சுவரின் தலைப்பில் சுற்றிலும் கான்கிரீட் வளையம் ஓடுகிறதா என்று பாருங்கள். பரணில் ஏறினால் தெரியும். பழைய மரச்சட்டக வீடுகள் ஆடும், ஆனால் அத்தனை எளிதில் விழாது. அவற்றை இளப்பமாக நினைக்க வேண்டாம்.

மின்சாரம் பெரும்பாலும் முன்பணத் திட்டம். 20 இலக்க எண் ஒன்றை வாங்கி மீட்டரில் அடிக்க வேண்டும். தீரப்போகும்போது மீட்டர் கீச்கீச்சென்று கத்தும். தெரு முழுக்கக் கேட்கும், மானம் போகும். இணைப்பு 450 அல்லது 900 விஏ என்றால் தண்ணீர் மோட்டாரும் இஸ்திரிப் பெட்டியும் ஒன்றாக ஓடாது. "ஜெக்லெக்" என்று சுவிட்சு விழுந்து வீடு இருண்டுவிடும். 1300-க்கு மாற்ற முடியுமா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

கிணற்றுக்கும் கழிவுத் தொட்டிக்கும் இடையே குறைந்தது பத்து மீட்டர் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுத் தொட்டியையும் சேர்த்து அளந்து பாருங்கள். 3 கிலோ பச்சை எரிவாயு உருளையை மெலோன் என்பார்கள், முலாம்பழம். அது ஏழைகளுக்கான மானிய உருளை. இளஞ்சிவப்பு 5.5 கிலோவோ 12 கிலோவோதான் நமக்கு. மானிய உருளை தட்டுப்பாடாகி ஊரே வரிசையில் நிற்கும்போது வெளிநாட்டுக்காரர் வீட்டு அடுப்படியில் இரண்டு மெலோன் இருப்பது நல்ல பெயர் தராது.

சைவர்களுக்கு ஒரு வார்த்தை: தெம்பே, தாஹு எனும் சோயா உணவுகள் இரண்டும் உங்களைக் காப்பாற்றும். சம்பால் எனும் மிளகாய்ச் சட்னியில்தான் தெராசி எனும் இறால் விழுது ஒளிந்திருக்கும். "தான்பா தெராசி" என்று சொல்லப் பழகுங்கள்.

நிலம்: அவசரமே வேண்டாம்

இங்கேதான் நம்மவர்கள் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாக.

இந்தோனேசிய நிலச் சட்டத்தின் அடிப்படை 1960 செப்டம்பர் 24-இல் வந்த 5-ஆம் எண் சட்டம். ஹாக் மிலிக் எனப்படும் முழு உரிமை இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும். வெளிநாட்டவருக்கு வாரிசு வழியாகவோ கல்யாணச் சொத்துக் கலப்பாலோ அது வந்து சேர்ந்தால், ஒரு வருடத்துக்குள் கைமாற்றிவிட வேண்டும். இல்லையென்றால் அரசுக்குப் போய்விடும். "உள்ளூர்க்காரர் பெயரில் வாங்கிவிட்டுத் தனியாக ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம், எல்லாரும் செய்கிறார்கள்" என்று தரகர் சொல்வார். அதே சட்டத்தின் 26-ஆம் பிரிவு அப்படிப்பட்ட வாங்கலைச் செல்லாது என்கிறது. நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தையும் திரும்பக் கேட்க முடியாது. பெயர் கொடுத்தவர் எவ்வளவு நல்லவர் என்பது கணக்கில் வராது. அவர் இறந்த மறுநாள் அவருடைய பிள்ளைகள் எப்படி என்பதுதான் கேள்வி.

வெளிநாட்டவருக்கு ஹாக் பாகாய் எனும் பயன்பாட்டு உரிமையில் வீடு வாங்க வழி உண்டு. 2021-இன் 18-ஆம் எண் அரசு விதிப்படி 30 வருடம், நீட்டிப்பு 20, புதுப்பிப்பு 30. ஆனால் வீட்டுக்கு ஒரு குறைந்தபட்ச விலை வரம்பு வைத்திருக்கிறார்கள், கிராமத்து வீடு பெரும்பாலும் அதை எட்டாது. நடைமுறையில் உங்களுக்கு மிஞ்சுவது குத்தகை. பத்து வருடக் குத்தகையை நோட்டாரிஸ் முன் எழுதிக்கொண்டால் நிம்மதியாகத் தூங்கலாம்.

துணை இந்தோனேசியர் என்றால் அவர் பெயரில் வாங்கலாம், ஆனால் சொத்துப் பிரிப்பு ஒப்பந்தம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாங்குவது இருவருக்கும் பொதுச் சொத்து ஆகி, மேலே சொன்ன சிக்கலில் மாட்டும். முன்பு இதைக் கல்யாணத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். 2016-இல் அரசியல் சாசன நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு, கல்யாணமான பின்பும் எழுதலாம்.

அந்தத் தடையும் தாண்டிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நிலத்தை எப்படிச் சோதிப்பது? நாங்கள் கிட்டத்தட்ட ஏமாந்த கதையைச் சொன்னால் முறை தானாகப் புரியும்.

ஊருக்கு மேலே 1,200 சதுர மீட்டர், நம் கணக்கில் ஏறக்குறைய 30 சென்ட், தெகாலான் எனும் மேட்டு நிலம் விலைக்கு வந்தது. விற்றவர் நிலவரி ரசீதுகளை அடுக்கிக் காட்டினார். கூடவே லெட்டர் சி என்ற டெசா நிலப் பதிவேட்டின் நகல். "பட்டா இருக்கிறதா?" என்று கேட்டேன். "எழுதிக்கொண்டிருக்கிறார்கள்." "உடன்பிறந்தவர்கள் சம்மதமா?" "இங்கிஹ், இங்கிஹ்." முன்பணமாக 20 லட்சம் ரூபியா கொடுத்தோம். ஜாவாவில் இதற்கு ஒரு சொலவடையே உண்டு: "இங்கிஹ்-இங்கிஹ் ஓரா கெபாங்கிஹ்". ஆமாம் ஆமாம் என்பார், அப்புறம் ஆளே தட்டுப்பட மாட்டார். மறுவாரம் டெசா அலுவலகத்தில் சாரிக், அதாவது டெசா செயலாளர், பழுப்பேறிய பதிவேட்டைப் புரட்டி ஒரு வரியில் விரலை வைத்தார். நிலம் இன்னும் இறந்துபோன தகப்பனார் பெயரில் இருந்தது. வாரிசுகள் நான்கு பேர். ஒரு தங்கை பல வருடம் முன் குடியேற்றத் திட்டத்தில் சுமத்ராவின் லாம்புங் போனவர். அவரிடம் யாரும் கேட்கவே இல்லை. பேச்சு முறிந்தது. முன்பணத்தில் பாதி பணமாக வந்தது, மீதி வாழைத்தாரும் கோழியுமாக வந்துகொண்டே இருந்தது.

ஆகவே பார்க்க வேண்டியது இதுதான். எஸ்எச்எம் என்ற முழு உரிமைச் சான்றிதழ் கையில் இருக்கும் நிலத்தை மட்டும் பாருங்கள். கிரிக், பெத்தோக், லெட்டர் சி எல்லாம் வரிக் காலத்து ஆவணங்கள், உரிமைப் பத்திரம் அல்ல. மேலே சொன்ன 2021 விதி அவற்றைப் பதிவு செய்ய ஐந்து வருடக் கெடு வைத்தது. அந்தக் கெடு 2026 பிப்ரவரி வரைதான். அதற்குப் பிறகு அவை வெறும் துப்பு மட்டுமே, சான்று ஆகாது. சான்றிதழ் அசல்தானா, அடமானம் உண்டா என்று பெபேயென் எனும் நில அலுவலகத்தில் சோதிக்கும் வேலையை பெபாத்தே என்ற நிலப் பத்திர அதிகாரி செய்வார். அந்தச் சோதனை முடியும் வரை ஒரு ரூபியாவும் கொடுக்காதீர்கள், நாங்கள் செய்த தவறைச் செய்யாதீர்கள்.

காகிதம் சரியாக இருந்தால், காலையில் நிலத்துக்குப் போய் நாலு பக்கத்துக்காரர்களையும் வரச்சொல்லி எல்லைக் கல்லைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு காப்பி செலவு, பத்து வருட வழக்கு மிச்சம். வழி யாருடைய நிலத்தின் மேல் போகிறது, வாய்க்கால் எங்கிருந்து வருகிறது, தென்னையிலும் பலாவிலும் வேறு யாருக்கும் பங்கு இருக்கிறதா என்றும் அங்கேயே கேளுங்கள். பதநீர் இறக்க மரத்தை மட்டும் தனியாகக் குத்தகைக்கு விட்டிருப்பார்கள்.

சாவாஹ் எனும் நெல்வயல் என்றால் இன்னும் இரண்டு முடிச்சு. வயலின் உரிமையாளர் அதே வட்டத்திலோ ஒட்டிய வட்டத்திலோ வசிக்க வேண்டும் என்று 1961-இலிருந்து விதி இருக்கிறது. ஜகார்த்தா முகவரி அட்டையோடு வயல் வாங்க முடியாது. அப்புறம், காக்கப்பட்ட உணவு நிலம் என்று குறிக்கப்பட்ட வயலில் வீடு கட்ட முடியாது. "மெதுவாக மண் கொட்டி மேடாக்கிவிடலாம்" என்பவரின் பேச்சைக் கேட்காதீர்கள்.

வரி: வாங்குபவருக்கு அதிகபட்சம் ஐந்து சதவீதம், விற்பவருக்கு இரண்டரை. பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதச் சொல்வார்கள். வேண்டாம்.

பயிர் செய்ய ஆசை வந்தால்

நிலம் வாங்காமலே விவசாயம் செய்ய வழிகள் உண்டு, அவை நமக்குப் பழகியவைதான். மாரோ என்றால் விளைச்சலில் பாதி, மெர்தெலு என்றால் மூன்றில் ஒரு பங்கு. காடாய் என்றால் ஒத்தி: பணம் கொடுத்து வயலைப் பிடித்து, பணம் திரும்பும் வரை விளைச்சலை எடுத்துக்கொள்வது. ஒத்தி பிடிக்கும் முன் தெரிந்துகொள்ளுங்கள்: ஏழு வருடம் ஓடிவிட்டால் பணம் வாங்காமலே நிலத்தைத் திருப்ப வேண்டும் என்று 1960-இலேயே சட்டம் வந்துவிட்டது. கிராமத்தில் பலர் இதைக் கடைப்பிடிப்பதில்லை. ஆனால் வழக்கு என்று வந்தால் உங்கள் பக்கம் நிற்க ஒன்றுமில்லை.

பெங்கோக் நிலம் குத்தகைக்கு வந்தால் கவனம். அது டெசா அலுவலர்களுக்குச் சம்பளத்துக்குப் பதிலாக விட்ட நிலம். அவர் பதவி போனால் நிலமும் போகும், உங்கள் குத்தகையும் போகும். ஒரு வருடத்துக்கு மேல் முன்பணம் கொடுக்க வேண்டாம். பரப்பைப் பாவு என்று சொன்னால் சுமார் 0.7 ஹெக்டேர், நம் ஒன்றே முக்கால் ஏக்கர்.

தண்ணீர் முறையை வைத்திருப்பவர் உலு-உலு. அவரைக் கேட்காமல் மடையைத் திறக்காதீர்கள். இந்த ஊரில் நான் பார்த்த ஒரே கைகலப்பு இரவு இரண்டு மணிக்கு ஒரு மடைவாயில் நடந்தது. மானிய உரம் கெலோம்போக் தானி எனும் உழவர் குழுவில் பெயர் இருப்பவருக்குத்தான். வெளியார் கேட்டு நிற்பது அழகல்ல, கடையில் முழு விலைக்கு வாங்குங்கள்.

இரவில் வரப்பில் நடக்காதீர்கள். இதைத் தனி வரியாகவே எழுதலாம். எலிக்காக வயலைச் சுற்றி மின்கம்பி இழுத்துவிடுகிறார்கள். தடை செய்யப்பட்டது, இருந்தும் செய்கிறார்கள். ஸ்ராகென் மாவட்டத்தில் இதில் மனிதர்கள் பலர் இறந்திருக்கிறார்கள், கம்பி கட்டியவரே செத்ததும் உண்டு. சில ஊர்களில் அதற்குப் பதிலாக வயலுக்கு நடுவே கம்பம் நட்டுக் கூகைக்குக் கூண்டு வைக்கிறார்கள். உங்கள் குத்தகை வயலில் அதை வையுங்கள்.

மலை, பாம்பு, எலி

மெராபி எச்சரிக்கைக்கு நான்கு படிகள்: நோர்மல், வாஸ்பாடா, சியாகா, ஆவாஸ். 2020 நவம்பரில் மூன்றாம் படியான சியாகாவுக்கு ஏற்றினார்கள். பயந்து ஓட வேண்டிய நிலை இல்லை. மலை விழித்திருக்கிறது, தடை செய்த பள்ளத்தாக்குகளில் இறங்காதே என்று பொருள். யோக்யகர்த்தாவில் உள்ள கண்காணிப்பு மையம் நாள்தோறும் நிலவரம் வெளியிடுகிறது. ஊர்க்குழு வதந்தியை விட்டுவிட்டு அதைப் பாருங்கள்.

மலையிலிருந்து உருண்டுவரும் சூட்டு மேகத்துக்கு இங்கே பெயர் வெதுஸ் கெம்பெல், சுருட்டைமயிர் ஆடு. தூரத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான், சாதுவாக இருக்கும். 2010 அக்டோபர் 26-இலும் நவம்பர் 5-இலும் வந்தது, 350 பேருக்கு மேல் பலி. மலைக்கு யோக்யகர்த்தா அரண்மனை நியமித்த காவலர் ம்பாஹ் மரிஜானும் அதில் ஒருவர். ஆபத்து வட்டத்தை 20 கிலோமீட்டர் வரை நீட்டினார்கள். 2011 ஜனவரியில் மழையோடு இறங்கிய சேறும் பாறையும் காலி புத்திஹ் ஆற்றில் வந்து மகெலாங், யோக்யகர்த்தா நெடுஞ்சாலையையே அறுத்தது. ஆகவே ஆற்றங்கரை வீடு மலிவாகக் கிடைத்தால் ஏன் மலிவு என்று கேளுங்கள்.

மகெலாங்கில் மலையோரக் கிராமங்கள் ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு சகோதரக் கிராமம் நியமித்திருக்கிறார்கள். ஓட வேண்டி வந்தால் எந்த ஊருக்கு, எந்த வழியில் என்று முன்பே எழுதியிருக்கும். உங்கள் ஊருக்கு எது என்று முதல் வாரத்திலேயே கேட்டு, ஒரு தடவை வண்டியில் போய்ப் பாருங்கள். கதவருகே ஒரு பை: பாஸ்போர்ட், நிலப் பத்திரம், மருந்து, முகமூடி, டார்ச், ரொக்கம். மாடு வைத்திருந்தால் அதற்கும் திட்டம் வேண்டும். மாட்டுக்குப் புல் போட என்று மேலே திரும்பிப் போய் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

2023 மார்ச் 11, சனிக்கிழமை மதியம் எங்களுக்குச் சாம்பல் வந்தது. முதலில் வெளிச்சம் மஞ்சளானது, பிறகு மாவு சலிப்பது போல ஒரு சத்தம் ஓட்டின் மேல். மிளகாய்ச் செடிகள் பத்து நிமிடத்தில் சாம்பல் பூசிக்கொண்டன. எனக்குத் துடைப்பத்தைத்தான் எடுக்கத் தோன்றியது. பக்கத்து வீட்டு ம்பாஹ் கிணற்றை மூடு, மழைநீர்க் குழாயைக் கழற்று என்று கத்தினார். அந்த வரிசைதான் சரி. கூட்டுவதென்றால் தண்ணீர் தெளித்த பிறகு. மாட்டுப் புல்லை அலசிப் போட வேண்டும்.

பாம்பு கடித்தால் கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். எலும்பு முறிந்த கையைப்போலக் குச்சி வைத்து அசையாமல் கட்டி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். உள்ளூரில் தயாராகும் விஷமுறிவு மருந்து மூன்று இனங்களுக்கானது: துப்பும் நாகம், வெலாங் எனும் கட்டுவிரியன் வகை, மலாயா குழிவிரியன். பச்சைக் குழிவிரியனும், வெலிங் எனும் இன்னொரு கட்டுவிரியன் வகையும் அதில் அடங்காது. அதனால்தான் தூங்கும் இடத்தைத் தரையிலிருந்து உயர்த்துங்கள், இரவில் டார்ச் இல்லாமல் கொல்லைக்குப் போகாதீர்கள் என்று தலையில் அடித்துச் சொல்வது.

காலில் புண்ணோடு வயல் தண்ணீரில் இறங்காதீர்கள், எலி மூத்திரத்தால் வரும் லெப்டோஸ்பைரோசிஸ் இங்கே உண்டு. வயலுக்குப் போய்வந்த ஒரு வாரம் பத்து நாளில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் புஸ்கெஸ்மாஸ் எனும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் "நான் வயலில் இறங்கினேன்" என்பதை முதலில் சொல்லுங்கள்.

எண்கள்: காவல் 110, ஆம்புலன்ஸ் 119, தேடல் மீட்பு 115, மின்சாரம் 123. ஆனால் நடுநிசியில் உங்களை மருத்துவமனைக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் யாருடைய காரோதான். யாரிடம் கார் இருக்கிறது என்று தெரிந்துவைத்திருங்கள்.

திருட்டு

இருக்கிறது. பெரும்பாலும் மோட்டார் சைக்கிள், ஆடு, அறுவடைக்குத் தயாரான மிளகாய், கழற்றி வைத்த தண்ணீர் மோட்டார். மோட்டார் சைக்கிளை வீட்டுக்குள் ஏற்றி நிறுத்துங்கள், எல்லாரும் அப்படித்தான் முன்னறையில் வைத்திருக்கிறார்கள். உயரமான சுவர் கட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் வாசலைப் பார்க்க முடியாது, திருடனுக்குத்தான் வசதி.

திருடன் பிடிபட்டால் கூட்டம் கூடிவிடும், அடி விழும், உயிரே போகும் அளவுக்கும் போகும். நீங்கள் அதில் கை வைக்கவும் வேண்டாம், படம் எடுக்கவும் வேண்டாம். பாக் எர்தேயைக் கூப்பிடுங்கள். ஒவ்வொரு டெசாவுக்கும் பாபின்கம்திப்மாஸ் என்ற காவலர் ஒருவர் உண்டு, அவர் எண்ணையும் வைத்திருங்கள்.

தகராறு என்றால் நேரே காவல் நிலையம் போகாதீர்கள். முதலில் எர்தே, பிறகு டுசுன் தலைவர், பிறகு டெசா. அத்தனை பேருக்கும் முன்னால் குரலை உயர்த்தியவர் பக்கம் நியாயம் இருந்தாலும் தோற்றுப்போவார். இதை நான் ஒரு மாமரக் கிளைக்காகக் கற்றுக்கொண்டேன்.

ஊருக்குப் போகும்போது

ஒரு மாதம் தமிழ்நாடு போகிறீர்கள் என்றால் பாக் எர்தேயிடம் தேதியோடு சொல்லுங்கள். ரோண்டா ஆட்கள் உங்கள் வீட்டுப் பக்கம் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். ஒரு மாத ஜிம்பித்தானை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். சாவி பக்கத்து வீட்டில். எரிவாயுக் குழாயைக் கழற்றி, தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து, டெங்குக் கொசுவுக்கு இடம் வைக்காமல் பூட்டுங்கள்.

திரும்பும்போது ஓலே-ஓலே கொண்டுவர வேண்டும், ஊரிலிருந்து ஏதாவது தின்பண்டம். விலை முக்கியமில்லை, எல்லா வீட்டுக்கும் எட்ட வேண்டும். போன தடவை நான் அச்சு முறுக்கு மூன்று டப்பா சுமந்துவந்து பெருமையாகப் பக்கத்து வீட்டில் கொடுத்தேன். ம்பாஹ் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நம்ம கெம்பாங் கோயாங் ஆச்சே, இதையா இவ்வளவு தூரத்திலிருந்து தூக்கிவந்தாய்?" என்று கேட்டுவிட்டு, உள்ளே போய்த் தன் டப்பாவிலிருந்து அதே வடிவத்தில் நாலு எடுத்துவந்து என் கையில் வைத்தார்.